மலை ஏறுமுன் அமர்ந்து எண்ணுங்கள்

கோபுரம் கட்ட முனைந்தவனைப் பற்றி நம் ஆண்டவர் கூறிய சிற்றுவமையை லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். செலவைக் கணக்கிடாமல் அடித்தளம் இட்டவன், பாதி வழியில் வேலையை நிறுத்தி ஊராரின் நகைப்புக்கு ஆளாகிறான். மலையேறப் புறப்படுவோருக்கும் இவ்வுவமை பொருந்தும். ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. கோபுரம் கட்டுகிறவன் இழப்பது பணத்தையும் மானத்தையும். கணக்கிடாமல் மலையேறுகிறவன் இழப்பது உயிராகவும் இருக்கலாம்.

அண்மை ஆண்டுகளில் நம் பங்குகளின் இளைஞரும் இளம்பெண்களும் வழிகாட்டியுடன் கூடிய குழு மலையேற்றங்களுக்கு ஆர்வத்துடன் பெயர் கொடுத்து வருகின்றனர். கைப்பேசியில் ஓர் அழகிய படம் வருகிறது. "சில இடங்களே எஞ்சியுள்ளன" என்ற அறிவிப்பும் உடன் வருகிறது. அன்றிரவே பணம் செலுத்தப்பட்டு விடுகிறது. அதன் பிறகே பெற்றோருக்குச் செய்தி தெரிகிறது. "அனுப்பலாமா, சாமி?" என்று அவர்கள் நம்மிடம் வந்து கேட்கின்றனர். வேண்டாம் என்று ஒரேயடியாகத் தடுப்பது எளிது; ஆனால் அது நேர்மையன்று. கேட்க வேண்டிய வினாக்களைப் பணம் கட்டுமுன் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள் என்பதே நாம் கூறக்கூடிய மறுமொழி.

மலை நமக்கு அந்நியமன்று

மலையேற்றத்தை வீண் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடத் திருச்சபையின் வரலாறு இடந்தராது. மோயீசன் சீனாய் மலையிலும், எலியா ஓரேபு மலையிலும் இறைவனைச் சந்தித்தனர். ஆண்டவர் உருமாறியதும் உயர்ந்ததொரு மலையின் மீதே.

1922ஆம் ஆண்டில் திருத்தந்தையான பதினொன்றாம் பத்திநாதர், அக்கிலே ராத்தி என்னும் இளங்குருவாக இருந்த நாள்களில் தேர்ந்த மலையேறியாக விளங்கினார். 1889ஆம் ஆண்டு மோந்தே ரோசா மலையை அதன் கடினமான கிழக்குப் பக்கத்திலிருந்து ஏறிய அவர், உச்சிக்கு அருகே ஒரு பாறை விளிம்பில் கடுங்குளிரில் இரவைக் கழிக்க நேர்ந்தது. உறங்கினால் உறைந்துபோவோம் என்று உணர்ந்து, தேர்ந்த வழிகாட்டிகளோடு அவர் விழித்திருந்தார். மலையேற்றத்தை உயிரைப் பணயம் வைக்கும் ஆட்டமாக அவர் கருதவில்லை. விவேகத்தின் பயிற்சியாகவே கண்டார். ஆல்ப்ஸ் கணவாய்களில் வழிப்போக்கருக்குப் புகலிடம் அமைத்த மெந்தோன் புனித பெர்நார்தை 1923ஆம் ஆண்டில் மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தவரும் இவரே.

இத்தாலிய இளைஞர் பியர் ஜியோர்ஜியோ ஃபிரசாத்தியும் மலைகளின் நண்பர். ஏழைகளின் வீடுகளுக்கு மருந்தும் உணவும் சுமந்து சென்ற அவர், நண்பரைத் திரட்டி மலைக்கும் அழைத்துச் சென்றார். 1925ஆம் ஆண்டு தம் 24ஆம் வயதில் இறந்த அவரைத் திருத்தந்தை பதினான்காம் லியோ 2025 செப்டம்பர் 7 அன்று புனிதர் நிலைக்கு உயர்த்தினார். ஆகவே மலையை நாடும் இளம் உள்ளத்தைக் குறைகூற நமக்கு மனமில்லை. அவ்வுள்ளத்திற்கு விவேகம் துணையிருக்க வேண்டும் என்பதே நம் கவலை.

குரங்கணி கற்பித்த பாடம்

2018ஆம் ஆண்டு மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த இரு குழுக்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. சென்னையிலிருந்தும், ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் வந்திருந்தவர்கள் அவர்கள். பலர் இளம்பெண்கள், புதிதாக மணமானவர்களும் இருந்தனர். அன்று இறந்தவர்களும், பின்னர் நாள்கணக்கில் மருத்துவமனைகளில் துன்புற்று இறந்தவர்களுமாக 23 உயிர்கள் பறிபோயின. தீ மூண்ட செய்தி அறிந்து முதலில் ஓடிச்சென்று உதவியவர்கள் அம்மலையடிவார மக்களே.

அனுமதி பெற்ற பாதை ஒன்று, நடந்த பாதை வேறொன்று என்று அப்போது அரசுத் தரப்பில் கூறப்பட்டது. பயணத்தை ஏற்பாடு செய்தவர்களை நம்பிப் பணம் கட்டியவர்களுள் எத்தனை பேர், எந்தப் பாதைக்கு அனுமதி என்று கேட்டிருப்பர்? இறந்தவர்களை நாம் குறைகூறவில்லை, அவர்களுக்காக மன்றாடுகிறோம். ஆனால் அவர்களுடைய சாவு நமக்குக் கற்பித்ததைக் கற்காமல் விட்டால், அதுவே அவர்களுக்கு நாம் செய்யும் அநீதியாகும்.

அனுமதி யாரிடம் உள்ளது?

முதல் வினா இதுவே. காப்புக்காடுகளிலும் வனவிலங்கு சரணாலயங்களிலும் வனத்துறையின் இசைவின்றி நுழைவது சட்டப்படி குற்றம். கட்டணம் செலுத்திய இரசீது வனத்துறையின் அனுமதி ஆகாது. இரண்டையும் ஒன்றெனப் பலர் மயங்குகின்றனர். அனுமதிக் கடிதத்தைக் காட்டும்படி கேளுங்கள். அதில் பாதையின் பெயரும், நாளும், ஆட்களின் எண்ணிக்கையும் உள்ளனவா எனப் பாருங்கள். "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று கூறுகிறவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

குரங்கணி நிகழ்ச்சிக்குப் பின் 2018ஆம் ஆண்டிலேயே தமிழக அரசு மலையேற்றத்திற்கென ஒழுங்குமுறை விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில், 14 மாவட்டங்களில் 40 பாதைகளை எளியவை, நடுத்தரமானவை, கடினமானவை என வகைப்படுத்தி, வனத்துறையின் வழியாகவே முன்பதிவு செய்யும் திட்டமும் தொடங்கப்பட்டது. அப்பாதைகளில் அந்தந்த மலைகளில் வாழும் பழங்குடி மக்களே பயிற்சி பெற்று வழிகாட்டுகின்றனர். முதன்முறை செல்கிறவர்களுக்கு இத்தகைய நேரடி வழியே ஏற்றது.

எந்தப் பருவம்?

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆண்டு முழுவதும் ஒரே நிலைமை இருப்பதில்லை. தை மாதம் கழிந்ததும் புல் காய்ந்து, மாசி பங்குனியில் ஒரு தீப்பொறிக்காகக் காத்திருக்கும். சரிவில் தீ மேல்நோக்கி ஏறும் வேகம் மனிதன் ஓடும் வேகத்தைக் காட்டிலும் மிகுதி. சூடான காற்று மேலெழுந்து, மேலேயுள்ள புல்லை முன்னதாகவே உலர்த்திவிடுவதே காரணம். இதனாலேயே 2025ஆம் ஆண்டு பிப்ரவரி நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை அரசின் மலையேற்றப் பாதைகள் மூடப்பட்டன. அது பெரும்பாலும் நம் தவக்காலமும் ஆகும். அந்நாள்களில் ஒரு தனியார் குழு காட்டுப்பாதைக்கு அழைத்தால், எப்படி அனுமதி கிடைத்தது என்ற வினா கட்டாயம் எழவேண்டும்.

மழைக்காலத்தின் இடர் வேறு. காலையில் கணுக்கால் அளவு ஓடிய ஓடை, மலையுச்சியில் பெய்த மழையால் மாலையில் இடுப்பளவு பெருகிவிடும். தென்மேற்குப் பருவமழையில் நனையும் மலை எது, வடகிழக்குப் பருவமழையில் நனையும் மலை எது என்று அறிந்த பின்பே நாளைக் குறியுங்கள்.

வழிகாட்டியும் குழுவும்

வழிகாட்டி அம்மலையைச் சேர்ந்தவரா, அல்லது நகரத்திலிருந்து குழுவுடன் வருகிற இளைஞர்தானா? இருவரும் தேவை என்றாலும், யானை நடமாட்டத்தையும் காற்றின் திசையையும் அறிந்தவர் மலைவாழ் மக்களுள் ஒருவரே. எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி? முன்னே ஒருவர் செல்ல, கடைசி ஆளுக்குப் பின்னே ஒருவர் வருவாரா? முதலுதவி கற்றவர் யார்? அருகிலுள்ள மருத்துவமனை எது? பெண்கள் செல்வதாயின் பொறுப்புள்ள பெண்மணி ஒருவர் உடன் வருவாரா? இரவுத் தங்கல் எங்கே, எவ்வாறு? இவற்றைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். நல்ல ஏற்பாட்டாளர் இவ்வினாக்களை வரவேற்பார். சினங்கொள்பவரை விட்டு விலகுவதே நலம்.

வினாக்களுள் தலையாயது ஒன்றுண்டு: "எந்த நிலையில் எங்களைப் பாதி வழியில் திருப்பி அழைத்து வருவீர்கள்?" எத்தனை மணிக்குள் குறித்த இடத்தை அடையாவிட்டால் திரும்ப வேண்டும், புகையோ இடியோ கண்டால் என்ன செய்வர் என்பவற்றுக்கு முன்கூட்டியே விடை இருக்க வேண்டும். "இதுவரை ஒருமுறையும் திரும்பியதில்லை" என்று பெருமை பேசுகிறவரைக் காட்டிலும், "மூன்று முறை திரும்பியிருக்கிறோம்" என்று கூறுகிறவரே நம்பத்தக்கவர்.

பணத்தைப் பற்றிய வினாவும் இங்கேதான் எழுகிறது. வானிலையால் பயணம் நின்றால் கட்டணம் திரும்பக் கிடைக்குமா, வேறு நாள் கிடைக்குமா என்பதை எழுத்தில் பெறுங்கள். செலுத்திய சில ஆயிரம் ரூபாய் வீணாகுமே என்ற எண்ணத்தாலேயே மழையிலும் மேலேறியவர்கள் உண்டு. போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகையாக அது இருக்கட்டும்.

நம் உடலைப் பற்றிய உண்மை

ஏற்பாட்டாளரிடம் உண்மையை எதிர்பார்க்கும் நாம், நம்மைப் பற்றிய உண்மையை மறைக்கலாகாது. ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, நீரிழிவு, அண்மையில் நடந்த அறுவைச் சிகிச்சை ஆகியவற்றை விண்ணப்பத்தில் மறைப்பவர், தம்மோடு குழு முழுவதையும் இடரில் இறக்குகிறார். குழுவின் வேகம் அதன் மெலிந்த உறுப்பினரின் வேகமே. அவரை விட்டுவிட்டு முன்னே ஓடுவது கிறிஸ்தவப் பண்பும் அன்று. மலையின் ஒழுங்கும் அன்று.

குறித்த நாளுக்கு ஒரு மாதம் முன்பிருந்தேனும் நாள்தோறும் நடந்து பழகுங்கள். வாரம் ஒருமுறை முதுகில் சுமையுடன் படியேறுங்கள். புதுக் காலணியை மலையில் முதன்முறை அணியாதீர்கள். ஒரு நாள் நடைக்கு இரண்டு மூன்று லிட்டர் நீர், மழையுடை, சிறு விளக்கு, வழக்கமாக உண்ணும் மருந்துகள், அட்டைக் கடிக்குச் சிறிது உப்பு ஆகியவை போதும். மதுவும் புகையும் மலையில் பாவம் மட்டுமன்று, ஆபத்தும் ஆகும். அணையாத ஒரு பீடித் துண்டு ஒரு காட்டையே அழிக்க வல்லது.

இமயத்திற்குச் செல்வோருக்கு

நம் இளைஞர் சிலர் உத்தரகண்ட், இமாசலப் பிரதேச மலைகளுக்கும் பதிவு செய்கின்றனர். அங்கே புதியதொரு பகை உண்டு. ஏறத்தாழ 2,500 மீட்டருக்கு மேல் காற்றழுத்தம் குறைவதால் உடல் போதிய பிராணவாயுவைப் பெறாது. தலைவலி, குமட்டல், உறக்கமின்மை ஆகியவை முதல் அறிகுறிகள். நடை தள்ளாடினாலோ, பேச்சுக் குழம்பினாலோ, அமர்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, உடனே கீழே இறங்குவதே உயிர்காக்கும் வழி. விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. 3,000 மீட்டருக்கு மேல் தங்குமிடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது என்பதும், மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஓய்வு நாள் வேண்டும் என்பதும் மருத்துவர் கூறும் விதி. விடுமுறை குறைவு என்பதற்காக ஓய்வு நாளை நீக்கிய பயணத் திட்டங்களை ஏற்காதீர்கள்.

2024 ஜூன் தொடக்கத்தில் உத்தரகண்டின் சகஸ்ர தால் பாதையில், கர்நாடகத்திலிருந்து சென்ற குழு பனிப்புயலில் சிக்கியது. ஒன்பது பேர் குளிரில் இறந்தனர். குரங்கணியில் தீ, அங்கே பனி. எந்த நேரத்தில் திரும்புவது என்ற வினா இரு மலைகளுக்கும் பொதுவானதே.

பெற்றோர் செய்ய வேண்டியது

முழுத் தடை விதிக்கும் வீட்டில் பிள்ளைகள் பொய் சொல்லிப் புறப்படுவர். அதைவிட, அவர்களோடு அமர்ந்து மேற்கூறிய வினாக்களைக் கேட்டறிவது மேல். பாதையின் பெயர், ஏற்பாட்டாளர், வழிகாட்டி ஆகியோரின் தொலைபேசி எண்கள், திரும்பும் நேரம் இவற்றை எழுதி வாங்கி வீட்டில் வையுங்கள். மலையில் கைப்பேசி பல இடங்களில் பயன்படாது என்பதால், எத்தனை மணி வரை காத்திருப்பது, அதன்பின் யாரை அழைப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். 112 என்னும் அவசர எண்ணை வீட்டார் அனைவரும் அறிந்திருக்கட்டும்.

பயணங்கள் பெரும்பாலும் சனி, ஞாயிறுகளிலேயே அமைகின்றன. ஞாயிறு கடனைச் சனி மாலைத் திருப்பலியில் நிறைவேற்றத் திருச்சபை இடமளித்துள்ளது. புறப்படுமுன் அதற்கும் வழி தேடுங்கள்.

"செபமாலை கையில் இருக்கிறது; மாதா பார்த்துக்கொள்வார்கள்" என்று சிலர் கூறுவர். செபமாலை இருக்கட்டும், வேண்டும். ஆனால் ஆலயத்தின் முகட்டிலிருந்து குதிக்கும்படி அலகை தூண்டியபோது, இறைவனைச் சோதிக்கலாகாது என்று ஆண்டவர் மறுத்துவிட்டதை நினைவில் கொள்ளுங்கள். விவேகம் தலையாய நற்பண்புகளுள் ஒன்று. அதை நம்பிக்கைக் குறைவு என எண்ணுவது தவறு. உச்சியை அடைந்த படத்தைவிட, மாலையில் வாசற்கதவைத் தட்டும் பிள்ளையின் முகமே பெற்றோருக்குப் பெரிது. மலை நாளையும் அங்கேயே இருக்கும். இன்று திரும்பி வந்தவன் நாளை அதை ஏறலாம்.