பயத்தை வாய்விட்டுச் சொல்வோம்

புரட்டாசி வந்தால் அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கரிசல்காட்டில் மழைக்கு முன்பே பருத்தியையும் சோளத்தையும் காய்ந்த மண்ணில் விதைத்துவிடுகிறோம். புழுதி விதைப்பு என்கிறோம். ஐப்பசியில் மழை இறங்கினால் முளைக்கும். தவறினால் விதையும் போச்சு, அதற்காக அடகு வைத்த நகையும் போச்சு. அந்த நாள்களில் தூக்கம் வருமா?

கவலைப்பட வேண்டாம் என்று இயேசு சொன்னதும் (மத் 6:25-34) வானம் பார்த்துப் பிழைத்த மக்களிடம்தான். பறவைகள் விதைப்பதில்லை என்றார். நம்மை விதைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை.

பயப்படுவது விசுவாசக் குறைவு என்று நினைத்து, கடனையும் கலக்கத்தையும் வீட்டாரிடமே மறைக்கிறோம். அதிலும் ஆண்கள் வாய் திறப்பதே இல்லை. ஆனால் கெத்சமனியில் இயேசுவே நடுங்கினார் (மாற் 14:32-42). பேதுரு, யாக்கோபு, யோவான் மூவரையும் கூட்டிக்கொண்டு போய், தம் துயரத்தை அவர்களிடம் சொன்னார். பிறகுதான் தந்தையிடம் மன்றாடினார். கேட்டவர்கள் தூங்கிப்போனார்கள், அது வேறு கதை! துன்பக் கிண்ணம் அகலவில்லை. ஆனால் எழுந்து நடக்கும் துணிவு அவருக்கு வந்தது.

இன்றிரவு செபமாலை முடிந்ததும், எவ்வளவு கடன் என்பதை மனைவியிடம், கணவரிடம் சொல்லிவிடுவோம். பிறகு இருவருமாக அதை ஆண்டவரிடம் சொல்வோம். விடிந்தால் காட்டு வேலை இருக்கிறது.