கசிவே இல்லை என்று சொல்லும் மருத்துவமனை

கணையத் தலையை அகற்றும் விப்பிள் அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தாகிவிட்டது; நாளைக்குள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். படிவத்தில் 'கணையக் கசிவு ஏற்படலாம்' என்றிருக்கிறது. மருத்துவமனையோ, எங்களிடம் கசிவு அபூர்வம் என்கிறது. எதை நம்புவது? வாசகர் கடிதங்களில் இந்தக் குழப்பம்தான் அதிகம்.

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். 2005-ல் சர்வதேச நிபுணர் குழு ஒன்று வரையறை வகுத்தது: அறுவைக்குப்பின் மூன்றாம் நாளோ அதன் பிறகோ வடிகுழாய் நீரில் அமைலேஸ் என்ற கணைய நொதி, ரத்தத்தில் இருக்க வேண்டிய உச்ச அளவைப்போல் 3 மடங்கைத் தாண்டினால் கசிவு. அதற்கு ஏ, பி, சி என மூன்று நிலைகள். 2016-ல் அதே குழு 'ஏ' நிலையைக் கசிவுப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. அந்த நிலையால் சிகிச்சை மாறுவதில்லை என்பது அவர்கள் தரப்பு நியாயம். ஆனால் பழைய கணக்கோடு புதியதை ஒப்பிட்டால், எந்த முயற்சியும் இல்லாமலே மருத்துவமனை முன்னேறியதாகத் தெரியும். சதவீதம் சொன்னால், எந்த நிலைகளைச் சேர்த்து என்று கேளுங்கள்.

கசிவுக்கு ஏன் இவ்வளவு பயம்? கணையம் சுரக்கும் புரதச் செரிமான நொதிகள் உறக்கத்தில்தான் வெளிவருகின்றன. குடல் சுவரிலுள்ள என்டெரோகைனேஸ், டிரிப்சினோஜனை டிரிப்சினாக மாற்றும். டிரிப்சின் மற்றவற்றை எழுப்பும். கணையத் தலையை அகற்றியபின் மிச்சக் கணையத்தைச் சிறுகுடலோடு தைக்கும்போது, எழுப்புகிறவனையும் உறங்குகிறவனையும் தையல் வாயிலேயே சேர்த்துவைக்கிறோம். அங்கே கசிந்தால் வெளிவருவது விழித்த நீர். பக்கத்திலேயே, வெட்டிக் கட்டிய தமனியின் நுனி இருக்கிறது. நீர் அதை அரித்தால், நோயாளி தேறிவரும் நாட்களில்கூட ரத்தம் பீறிடலாம். கணையத்தின் வால் பகுதியை மட்டும் வெட்டும்போது குடல் இணைப்பு இல்லை. கசிவு சகஜம், ஆபத்து குறைவு.

இன்னொரு முரண்: நோயில் இறுகிய கணையத்தில் தையல் நிற்கும். நல்ல, மென்மையான கணையத்தில் தைப்பது வழுக்கைத் தேங்காயில் ஊசி ஓட்டுவதுபோல; கணைய நாளத்தின் விட்டமும் 3 மில்லிமீட்டருக்குக் குறைவென்றால் அபாயம் கூடும்.

அப்படியானால் இரைப்பையோடு தைக்கலாமே? அங்கே அமிலம் உண்டு, என்டெரோகைனேஸ் இல்லை. 2013-ல் பெல்ஜியம் ஆய்வில் கசிவு குடல் இணைப்பில் 19.8 சதவீதம், இரைப்பை இணைப்பில் 8. தையல் சண்டை முடிந்ததென்று நினைத்தார்கள். 2016-ல் ஜெர்மனி ஆய்வில் குடல் இணைப்பில் 22, இரைப்பை இணைப்பில் 20; வித்தியாசமே இல்லை. போதாக்குறைக்கு, இரைப்பை இணைப்பில் ரத்தக்கசிவு கூடுதல்.

நெதர்லாந்து மருத்துவர்கள் தையலை விட்டுவிட்டுக் கண்காணிப்பைப் பிடித்தார்கள். 17 மருத்துவமனைகளில் தினமும் ஒரே நெறிமுறைப்படி சோதனை, சந்தேகம் வந்தவுடன் சி.டி. ஸ்கேன், தேவைப்பட்டால் தோல்வழிக் குழாய். 2022-ல் வெளியான முடிவு: இடையீடு தேவைப்பட்ட ரத்தப்போக்கு, உறுப்புச் செயலிழப்பு, மரணம் ஆகியவை சேர்ந்து 14 சதவீதத்திலிருந்து 8 ஆனது.

மற்ற கேள்விகள்:

வடிகுழாயை எப்போது எடுப்பார்கள்? அமைலேஸ் குறைவென்றால் சில நாட்களில்.

வாந்தி நிற்கவில்லையே? இரைப்பை மெதுவாகக் காலியாவது சகஜம். உள்ளே கசிவு இருந்தாலும் இப்படி ஆகும்.

சர்க்கரை நோய் வருமா? சிலருக்கு.

மலத்தில் எண்ணெய் மிதந்தால்? நொதி மாத்திரை, உணவோடு.

ரோபோ வைத்துச் செய்தால்? இணைப்பு அதேதான்.

கையெழுத்துக்கு முன் இரண்டைக் கேளுங்கள்: வருடத்துக்கு எத்தனை விப்பிள் செய்கிறீர்கள்? நள்ளிரவில் ரத்தம் கசிந்தால் தமனியை உள்வழியாக அடைக்கத் தெரிந்தவர் பணியில் இருப்பாரா? சிகிச்சைக்குப்பின் குழாயில் ஒரு ஸ்பூன் ரத்தம் தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.