மழை உடைத்த சாலையும் மாசி மாதத் தீயும்

எங்கள் நடுநிலைப் பள்ளி கீழ்ப்பழனி மலையில் இருக்கிறது. பேருந்து நிற்கும் பெரிய சாலையிலிருந்து ஆறு கிலோமீட்டர் மேலே ஏற வேண்டும். இருப்பது ஒரே சாலை. ஒரு கார்த்திகை மழையில், நான்காவது கொண்டை ஊசி வளைவில் பள்ளத்துப் பக்கமாகப் பாதிச் சாலை சரிந்து விழுந்தது. மிச்சமிருந்த பாதியில் ஜீப்புகள் மலையை ஒட்டி ஊர்ந்து சென்றன. "ஜீப் போகுதே, போதும்" என்று ஊர் பழகிக்கொண்டது. நானும் பழகிக்கொண்டேன்.

மாசியில் எதிர்ச்சரிவில் தீப்பிடித்தது. மதிய உணவு நேரம், பள்ளியில் 41 குழந்தைகள். தீயணைப்பு வண்டி வந்தது, ஆனால் அந்த வளைவைத் தாண்டவில்லை. 4,500 லிட்டர் தண்ணீர் ஏற்றினால் தண்ணீரின் எடை மட்டுமே நாலரை டன். பாதிச் சாலையை நம்பி அதை எந்த ஓட்டுநரும் ஏற்றமாட்டார். வீரர்கள் இறங்கி நடந்தே மேலே வந்தார்கள். காற்று திசை மாறியதால் தீ எங்கள் பக்கம் வரவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மழைச் சேதம் என்றால் மழைக்காலத்துச் செய்தி, காட்டுத்தீ என்றால் கோடைக்காலத்துச் செய்தி என்றுதான் இத்தனை ஆண்டுகளாகப் பாடம் நடத்தியிருக்கிறேன். இரண்டும் ஒரே சாலையில் சந்திக்கும் என்று வகுப்பில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை சாலையை அரிக்கிறது. அதே மழை சரிவெங்கும் புல்லை இடுப்பளவு வளர்க்கிறது. ஜனவரியில் புல் காய்கிறது. பிப்ரவரி பிறந்தால் தீக்காலம். உடைந்த சாலையைச் சீர்செய்ய நமக்குக் கிடைப்பது தை மாதமும் அதையொட்டிய சில வாரங்களும்தான்.

2018ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், நடைபயணம் சென்றவர்கள் காய்ந்த புல்சரிவில் தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வண்டி போக முடியாத இடம் அது. அதே ஆண்டு நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல், டெல்டாவைச் சிதைத்த கையோடு கொடைக்கானல் மலைச்சாலைகளிலும் மரங்களைச் சாய்த்து மண்ணைச் சரித்தது. அதற்குச் சில நாள் முன்பு, நவம்பர் 8 அன்று, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பாரடைஸ் என்ற மலையூர் எரிந்தது. அந்தத் தீயில் 85 பேர் இறந்தனர். அங்கே தார்ச்சாலைகள் நன்றாகவே இருந்தன. ஊரே ஒரே நேரத்தில் கிளம்பியதால் அடைத்துக்கொண்டன. ஒரு பள்ளிப் பேருந்தில் 22 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் புகைக்குள் ஊர்ந்து தப்பினார்கள். ஓட்டுநர் தன் சட்டையைக் கிழித்து, தண்ணீரில் நனைத்து, குழந்தைகள் மூக்கில் வைத்துக்கொள்ளக் கொடுத்தாராம். அந்த ஆசிரியைகளின் இடத்தில் என்னை வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

எட்டாம் வகுப்பில் இதையே கணக்காகப் போட்டோம். ஊரில் 240 பேர். இரண்டு ஜீப்புகள், ஒன்றில் 12 பேர். கீழே இறங்க 25 நிமிடம், ஏறி வர 25 நிமிடம். பத்து நடை, 500 நிமிடம் என்று கரும்பலகையில் எழுதினேன். "கடைசி நடைக்குத் திரும்பி வர வேண்டாமே டீச்சர்" என்றாள் ஒரு மாணவி. சரிதான், 475 நிமிடம். எப்படியும் எட்டு மணி நேரம். சாலை முழுதாக இருந்து, 60 பேர் ஏறும் இரண்டு பேருந்துகள் வந்தால்? பேருந்துக்கு ஒரு வழிக்கு அரை மணி என்று வைத்தாலும், இரண்டே நடையில் 90 நிமிடத்தில் ஊர் காலியாகிவிடும். தீ அவ்வளவு நேரம்கூடப் பொறுக்குமா என்று அடுத்த கேள்வி வந்தது. தீ மேட்டை நோக்கி வேகமாக ஏறும். சரிவு பத்து பாகை கூடினால் அதன் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது தீயணைப்போர் பொதுவாகச் சொல்லும் கணக்கு. கோணமானியில் நூலும் கல்லும் கட்டி, பள்ளிக்குக் கீழே உள்ள சரிவை அளந்தோம். 30 பாகை வந்தது. அதற்குப் பிறகு வகுப்பில் யாரும் பேசவில்லை.

சாலை ஏன் உடைந்தது என்பதை எங்களுக்குக் காட்டியவர் ஒரு சாலைப் பணியாளர். உடைந்த இடத்துக்குச் சற்று மேலே, பார்வைக்கு நன்றாக இருந்த தாரைக் கடப்பாரையால் தட்டினார். டொக் டொக் என்று பானையைத் தட்டுவதுபோல் கேட்டது. "மேலே தார் இருக்கு டீச்சர், கீழே மண்ணு இல்ல" என்றார். மலைப்பக்க வடிகாலில் ஓடிவரும் நீர், சாலைக்கு அடியிலுள்ள குழாய்ப் பாலத்தின் வழியே மறுபக்கம் இறங்க வேண்டும். சருகும் கிளையும் குழாயை அடைத்துவிட்டால், நீர் சாலையின் மேலே குறுக்காகப் பாய்ந்து பள்ளத்துப் பக்கம் விழுகிறது. விழும் இடத்திலிருந்து உள்நோக்கி மண்ணைக் கரைக்கிறது. அங்கே தார் மட்டும் போட்டால் அடுத்த மழைவரைதான் நிற்கும்.

அதனால் பழுது பார்ப்பதில் வரிசை முக்கியம். முதலில் குழாயையும் வடிகாலையும் சுத்தம் செய்து நீருக்கு வழிவிட வேண்டும். அடுத்து, பள்ளத்துப் பக்கம் சுவர். கம்பிவலைக்குள் கற்களை அடுக்கிக் கட்டும் சுவர் மலைக்கு ஏற்றது. இடுக்குகள் வழியே நீர் கசிந்து வெளியேறும். சிமெண்டுச் சுவர் என்றால் நீர் வடியத் துளைகள் விட்டாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் தேங்கும் நீரே சுவரைத் தள்ளிவிடும். அதற்குப் பின்னால் மண்ணையும் சரளையையும் ஒரு சாண் கனத்துக்கு ஒரு அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் இறுக்க வேண்டும். தார் கடைசியில்தான்.

இன்னொன்று வண்டிகள் விலகும் இடம். ஒருவழி மலைச்சாலையின் அகலம் பொதுவாக 3.75 மீட்டர். மக்கள் இறங்கும்போதே தீயணைப்பு வண்டி ஏற வேண்டியிருக்கும். இரண்டும் நேருக்கு நேர் வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும். புகையில் அது நடக்காது.

அடுத்த ஆண்டும் மழையில் அந்த வளைவு இன்னும் கொஞ்சம் கரைந்தது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி, ஜனவரி 26 கிராம சபைக்கு மாணவர்களின் கணக்கைச் சார்ட்டில் எழுதி எடுத்துச் சென்றோம். 475 என்ற எண்ணைச் சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். "சாலை வேண்டும்" என்று பலமுறை மனு கொடுத்திருக்கிறோம். எத்தனை நிமிடம் என்று யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. தலைவர் அதை இரண்டு முறை படித்தார். ஒன்றியப் பொறியாளர் பிப்ரவரி முதல் வாரம் வந்து அளந்தார். நூறு நாள் வேலைக்கு வந்தவர்கள் வடிகாலைத் தூர்வாரினார்கள். கல்சுவர் மாசி முடிவதற்குள் எழுந்தது.

தார் இன்னும் போடவில்லை, சரளைதான். ஆனால் மார்ச் மாதம் ஒத்திகைக்காகத் தீயணைப்பு வண்டி அந்த வளைவைத் தாண்டி மேலே வந்தது. பள்ளி மைதானத்தில் அது திரும்புவதற்குக் கொடிக்கம்பம் இடைஞ்சலாக இருந்தது. கம்பத்தை நாலு அடி தள்ளி நட்டிருக்கிறோம்.