1248 சி.சி. டீசல் இஞ்சின்: டர்போவை மாற்றும் முன்

தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையம் பக்கமோ, கும்பகோணம் ரயில்வே ஸ்டேஷன் வாசலிலோ நிற்கிற வாடகைக் கார்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பழைய ஸ்விஃப்ட் டிசைர் டீசல், விஸ்டா குவாட்ராஜெட், நடுவில் ஒரு எர்டிகா, எங்கேயாவது ஒரு ஃபியட் லீனியா. பேரும் பேட்ஜும் வேறு வேறு. பானெட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது ஒரே குடும்பத்து இஞ்சின், 1248 சி.சி. டர்போ டீசல். ஃபியட் இதை மல்டிஜெட் என்றது, மாருதி டி.டி.ஐ.எஸ். என்றது, டாடா குவாட்ராஜெட் என்றது. இந்தியாவின் 'நேஷனல் இஞ்சின்' என்று விளையாட்டாகச் சொல்வதும் இதைத்தான்.

மாருதி கம்பெனி 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தவுடன் டீசல் கார்களை நிறுத்திவிட்டது. ஆகவே நம் ரோட்டில் ஓடுகிற இந்த இஞ்சின்கள் இனி பழசாகத்தான் ஆகும், புதுசாக வராது. ஷோரூம் சர்வீஸுக்குப் போகாமல் ஊர் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிற வயசு அதற்கு வந்துவிட்டது. அங்கே ஸ்பேனர் பிடிக்கப் போகிறவர்கள் நாம். அதனால்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

முதலில் கொஞ்சம் பூர்வீகம். காற்றை அழுத்தி இஞ்சினுக்குள் திணிக்கும் டர்போ யோசனைக்கு ஸ்விட்சர்லாந்து இஞ்சினியர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-லேயே பேடன்ட் வாங்கிவிட்டார். ஆனால் டர்போ டீசல் காருக்கு வர 1978 ஆனது (மெர்சிடிஸ் 300 எஸ்.டி.). காமன் ரெயில் என்கிற உயர் அழுத்த டீசல் முறை, 1997-ல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் வந்தது. அது ஃபியட் குடும்பத்து வண்டி. நம்ம 1.3 மல்டிஜெட், ஃபியட்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக இருந்தபோது 2003-ல் வெளிவந்தது. ஸ்விஃப்ட் டீசலாக இந்தியாவில் காலடி வைத்தது 2007 ஜனவரியில். போதும், விஷயத்துக்கு வருவோம்.

ஸ்பெசிபிகேஷன் என்றால் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிற பட்டியல் என்று நினைக்கிறோம். நம் லேபில் இருப்பது போன்ற ஒற்றைச் சிலிண்டர் கிர்லோஸ்கர் இஞ்சினைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த எண்கள் பேசும். நம் வயலில் பம்பு செட்டுக்கு ஓடுவதும் அதே ஜாதிதான். அதன் போர் 80 மி.மீ., ஸ்ட்ரோக் 110 மி.மீ., அதாவது 553 சி.சி. 1500 ஆர்.பி.எம்.மில் 5 குதிரைத் திறன். மல்டிஜெட்டின் போர் 69.6 மி.மீ., ஸ்ட்ரோக் 82 மி.மீ., நாலு சிலிண்டர், 16 வால்வு, 1248 சி.சி. 4000 ஆர்.பி.எம்.மில் 75 குதிரைத் திறன், 2000 ஆர்.பி.எம்.மில் 190 நியூட்டன் மீட்டர் டார்க்.

கணக்குப் போடுவோம். கொள்ளளவு சுமார் இரண்டேகால் மடங்கு. அதனால் 5 என்பது 11 ஆகலாம். வேகம் 1500-லிருந்து 4000, அதாவது இரண்டே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஆக 30 வருகிறது. மீதி 45 எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் டர்போவும் காமன் ரெயிலும் சேர்ந்து கொடுத்தது. (பம்பு செட்டு அந்த 5-ஐ நாள் முழுக்க விடாமல் தரும், கார் 75-ஐ எப்போதாவதுதான் தரும் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.) பம்பு செட்டுக்கு ஆயில் கருத்துப் போனாலும், வைக்கோல் மேலே விழுந்து கிடந்தாலும் அது 'டுப் டுப்' என்று ஓடும். அந்தப் பழக்கத்திலேயே நம் ஆட்கள் காரையும் வைத்திருப்பதுதான் பாதித் தொந்தரவுக்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

டர்போ எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்ததுதான். வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது, அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. கவனிக்க வேண்டியது அந்தத் தண்டு. இவ்வளவு சின்ன டர்போவில் அது நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரை போகும். அதற்கு பால் பேரிங் கிடையாது. புஷ் மாதிரியான பேரிங்குக்குள், மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டே சுற்றுகிறது. ஒரு பக்கம் நெருப்புச் சூடு, மறுபக்கம் காற்று, நடுவில் ஆயில். அந்த ஆயிலும் இஞ்சின் சம்ப்பிலிருந்து வருகிற அதே ஆயில்தான், மொத்தமே சுமார் 3 லிட்டர்.

இங்கே எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். அதனால் வண்டி, மோட்டார், மிக்சி எது நின்றாலும் "நீதான் படிக்கிறியே, என்னன்னு சொல்லு" என்பார்கள். பெரியப்பா மகன் பழைய டிசைர் ஒன்றைத் தவணையில் வாங்கி ஓட்டுகிறார். கும்பகோணத்திலிருந்து நவக்கிரகக் கோயில் டிரிப். போன வருஷம் வண்டி இழுக்கவில்லை, சைரன் மாதிரி ஊளைச் சத்தம், நீலப் புகை. டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் "டர்போ போச்சு" என்று மாற்றிக் கொடுத்தார்கள். நாலே மாதம். புது டர்போவும் அதே சத்தம். "தம்பி, ரெண்டாவது டர்போவுக்கும் கடன் வாங்கினா வண்டியைப் பைனான்ஸ்காரன் எடுத்துட்டுப் போயிடுவான்டா" என்றார் அண்ணன்.

அப்புறம் ஒரு வயசான மெக்கானிக், டர்போவுக்கு ஆயில் போகும் சின்னக் குழாயைக் கழற்றிக் காட்டினார். உள்ளே கரி படிந்து ஊசி நுழையும் ஓட்டைதான் மிச்சம். முதல் ஒர்க்‌ஷாப் அந்தக் குழாயைத் திறக்கவே இல்லை. புது டர்போவை எடுத்துப் பழைய பட்டினியிலேயே மாட்டியிருக்கிறார்கள். கரி ஏன் படிந்தது? 10,000 கி.மீ.யில் மாற்ற வேண்டிய ஆயில் 18,000 வரை ஓடியிருக்கிறது. இன்னொன்று, பைபாஸில் விரட்டி வந்து நிறுத்திய உடனே சாவியை அணைப்பது. பம்பு நின்றதும் ஆயில் ஓட்டம் நிற்கும், ஆனால் டர்போவின் சூடு நிற்காது. தேங்கிய ஆயில் அங்கேயே வெந்து கரியாகும். வேகமாக ஓட்டி வந்தால் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைப்பது இதற்காகத்தான். இதே பழைய ஆயில் டைமிங் செயினையும் தேய்க்கும். இந்த இஞ்சினில் பெல்ட் இல்லை, செயின்தான். அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில்தான் நிற்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் சலசலவென்று கேட்டால் அலட்சியம் கூடாது.

நண்பர்களே, "வண்டி இழுக்கல" என்று வருகிற எல்லா வண்டிக்கும் டர்போ போய்விடவில்லை. முதலில் பூஸ்ட் காற்று போகிற ரப்பர் ஹோஸைப் பாருங்கள். கிளிப் கழன்றோ, மடிப்பில் கிழிந்தோ இருந்தால் 'உஸ்' சத்தம், கருப்புப் புகை, இழுவை இல்லை. ஸ்கேனர் பி 0299 என்று காட்டும். அந்த கோடுக்கு அர்த்தம் 'பூஸ்ட் போதவில்லை' என்பதுதான், 'டர்போவை மாற்று' என்பதல்ல! அடுத்து ஏர் பில்டர், வேஸ்ட் கேட் அசைகிறதா என்பது, இ.ஜி.ஆர். வால்வு. பி 0087 வந்தால் ரெயிலில் அழுத்தம் குறைவு, அது டீசல் பக்கத்துச் சமாச்சாரம். இவ்வளவும் பார்த்த பிறகுதான் டர்போ தண்டைக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் லேசாக ஆடும். ஆயில் படலத்துக்காக விட்ட இடம் அது, பயப்பட வேண்டாம். சக்கரம் உறையில் உரசினால் கெட்டது. முன்னும் பின்னும் இழுத்தால் கைக்குத் தெரியும்படி ஆட்டம் இருந்தாலும் கெட்டது. அந்தப் பக்கவாட்டு ஆட்டத்தைக் காட்டியே கஸ்டமரைப் பயமுறுத்துகிறவர்களும் உண்டு.

இ.ஜி.ஆர். பற்றித் தனியே சொல்ல வேண்டும். புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே அனுப்பி, எரியும் சூட்டைக் குறைத்து, நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பது அதன் வேலை. நம் ரோடு எப்படி? தஞ்சாவூரிலிருந்து அய்யம்பேட்டை, பாபநாசம் வழியே கும்பகோணம் 40 கி.மீ. அதில் எத்தனை கடைத்தெரு, எத்தனை ஸ்பீடு பிரேக்கர்! கோயில் டிரிப் என்றால் சூரியனார்கோயில், கஞ்சனூர், ஆலங்குடி என்று சின்னச் சின்ன ஓட்டம். டீசல் மிச்சம் என்று நாலாம் கியரில் 1200 ஆர்.பி.எம்.மில் உறுமவிட்டு ஓட்டுவார்கள். டார்க் உச்சம் 2000-ல் என்று பார்த்தோம், அதற்கு வெகு கீழே டர்போ தூங்குகிறது. காற்று பற்றாமல் கரி வருகிறது. அந்தக் கரியும் பிரீதர் வழியே வரும் ஆயில் ஆவியும் சேர்ந்து, தார் மாதிரி வால்விலும் மேனிஃபோல்டிலும் அப்பிக்கொள்ளும். கழற்றிக் கழுவினால் பெரும்பாலும் சரியாகும். கியரை ஒன்று குறைத்து ஓட்டுவதுதான் வைத்தியம்.

அடுத்தது சுணை. சம்பா அறுவடை நடக்கிற தை, மாசியில் தார் ரோட்டில் பாதி நெல் காய்கிறது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்ப்பார்களே, விவசாயி வேறு எங்கே போவார்? அறுப்பு மிஷின் ஓடுகிற வயலை ஒட்டிப் போனாலே சுணையும் பதரும் பறக்கும். ஏர் பில்டர் ஒரே சீசனில் அடைபடும். அதைத் தரையில் தட்டி, கம்ப்ரஸர் காற்றை ஓங்கி அடித்தால் காகிதம் கிழியும். கிழிந்த வழியே போகிற தூசி, டர்போ சக்கரத்தின் விளிம்பை உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். அறுவடை முடிந்ததும் புதுசு போடுவது மலிவு. ரேடியேட்டர் முன்னால் ஒட்டிய உமியையும் எடுத்துவிடுங்கள். அடியில் வைக்கோல் சுற்றிக்கொண்டால் சைலன்ஸர் சூட்டில் தீப்பிடிக்கும், ஓரமாக நிறுத்தி உருவ வேண்டும்.

டீசல் விஷயம். ரெயில் அழுத்தம் 1400 பார் வரை போகும். கார் டயரில் இருப்பது 2 பாருக்குக் கொஞ்சம் மேல்தான். இன்ஜெக்டர் ஓட்டையோ கண்ணுக்கே சரியாகத் தெரியாது. பம்பையும் இன்ஜெக்டரையும் வழுவழுப்பாக வைப்பது டீசலேதான். பம்பு செட்டுக்கு வாங்கி வைத்த டிரம்மிலிருந்து அவசரத்துக்கு ஊற்றினால், அடியில் தேங்கிய தண்ணீரும் சேர்ந்து போகும். டீசல் பில்டர் விளக்கு எரிந்தால் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட வேண்டும். இன்ஜெக்டர் நாலும் மாற்றுகிற செலவுக்கு அண்ணன் மாதிரி ஆட்கள் தாங்க மாட்டார்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னொரு ஆபத்து. இந்த இஞ்சினின் கம்ப்ரஷன் விகிதம் 17-க்கும் 18-க்கும் நடுவில். ஒரு சிலிண்டர் 312 சி.சி. என்றால், பிஸ்டன் மேலே வந்ததும் மிஞ்சும் இடம் ஏறக்குறைய 19 சி.சி., நாலு டீஸ்பூன்கூட நிறையாது. அதற்கு மேல் தண்ணீர் புகுந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். வெள்ளத்தில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி செல்ஃப் அடிக்காமல் தள்ளிக்கொண்டு வந்து, குளோ பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே சுற்ற வேண்டும்.

டர்போ சீல் முழுக்கப் போனால், அபூர்வமாக, இஞ்சின் தன் ஆயிலையே குடித்து ஓட ஆரம்பிக்கும். சாவியை எடுத்தாலும் நிற்காது, வேகம் ஏறிக்கொண்டே போகும். அப்போது முன்னால் குனிந்து பார்க்கக் கூடாது. டாப் கியர் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு, கிளட்சைச் சட்டென்று விட வேண்டும்.

கடைசியாக, உண்மையிலேயே டர்போவை மாற்றினால் ஆயில் குழாய், வடிகுழாய், ஆயில், பில்டர் நாலையும் சேர்த்தே கவனியுங்கள். பழைய டர்போ உடைந்திருந்தால் அதன் தூள் காற்றுக் குழாய்களில் கிடக்கும், கழுவித் துடையுங்கள். மாட்டும்போது ஆயில் துளையில் சுத்தமான ஆயிலை ஊற்றி, தண்டைக் கையால் சுற்றிவிடுங்கள். பிறகு இன்ஜெக்டர் ஒயர்களைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை செல்ஃபில் சுற்ற வேண்டும். ஒயர்களைத் திரும்ப மாட்டி ஸ்டார்ட் செய்தால், ஆக்சிலேட்டரைத் தொடாமல் இரண்டு நிமிடம் ஐடிலில் விடுங்கள்.