மலைக்குளிரில் கோழிக்குஞ்சுகள்: வெப்பமும் உலர்வும் காற்றும்

பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் அமைந்திருக்க, அதற்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து 2,036 மீற்றர் உயர்ந்து நிற்கும் நமுனுகுல மலையின் சாரலில் ஸ்பிரிங்வெளி முதலான தேயிலைத் தோட்டங்கள் பரந்துள்ளன. ஊவாவுக்குப் பெருமழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று ஆகையால், ஐப்பசி முதல் தை வரை இங்கு குளிரும் ஈரமும் ஒன்றாகவே வருகின்றன. லயன் வீடுகளில் கோழி வளர்ப்போர் இம்மாதங்களில் குஞ்சுகளை இழப்பதற்குக் குளிரைப் போலவே, குளிரை விரட்டக் கையாளும் பிழையான வழிகளும் காரணமாகின்றன.

வளர்ந்த கோழி தன் உடல் வெப்பநிலையை 41 பாகை செல்சியஸ் அளவில் தானே காத்துக்கொள்கிறது. 21 நாள் அடைகாப்புக்குப் பின் பொரித்த குஞ்சுக்கு அந்த ஆற்றல் இன்னும் முதிர்ந்திருப்பதில்லை. அதன் உடலை மூடியுள்ள மென்தூவி, இறகுகளைப்போல வெப்பத்தைத் தடுத்து நிறுத்தாது. வயிற்றினுள் எஞ்சியிருக்கும் மஞ்சட்கரு இரண்டு மூன்று நாட்களுக்கு உணவாகலாமே தவிர, குளிருக்குக் காப்பாகாது. தாய்க்கோழி சிறகுக்குள் வைத்துக் கொடுக்கும் வெப்பத்தை, பொரிப்பகத்திலிருந்து வாங்கிவரும் குஞ்சுகளுக்கு மனிதர்தாம் கொடுத்தாக வேண்டும். இதுவே செயற்கை அடைகாப்பு எனப்படுகிறது.

முதல் வாரத்தில் குஞ்சுகள் இருக்கும் மட்டத்தில் 32 முதல் 35 பாகை வெப்பம் தேவை. அதன்பின் வாரத்துக்கு ஏறத்தாழ 3 பாகை வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். காட்போட் மட்டையையோ தகரத்தையோ ஓரடிக்குச் சற்று உயரமாக வட்டமாக வளைத்து நிறுத்தினால், மூலைகள் இல்லாததால் குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நசுங்குவது தவிர்க்கப்படும். அதன் நடுவே, ஒரு குஞ்சுக்கு ஏறத்தாழ 2 வோட் என்ற கணக்கில் இழை மின்குமிழ்களைத் தொங்கவிடுவது வழக்கம். எல்ஈடி குமிழ்கள் வெளிச்சம் தருமேயன்றிப் போதிய வெப்பம் தருவதில்லை. குமிழ் உமியின்மேல் விழுந்தால் தீப்பற்றும் என்பதால், அதை மின்கம்பியை மட்டும் நம்பித் தொங்கவிடாமல், உறுதியான கம்பியாலும் கட்டிவைத்தல் வேண்டும்.

வெப்பமானி இல்லாத வீட்டிலும் குஞ்சுகளின் நடத்தையே அளவுகோலாகும். வட்டம் முழுதும் பரவித் தின்று, குடித்து, உறங்கினால் வெப்பம் சரியாக உள்ளது. குமிழின் கீழ் நெருக்கிக்கொண்டு ஓயாது கத்தினால் குளிர்கிறது. ஓரங்களுக்கு விலகி, சிறகை விரித்து, வாய் திறந்து மூச்சிரைத்தால் சூடு மிகுந்துவிட்டது. எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் மறுபக்கத்திலிருந்து குளிர்காற்று நேராக வீசுகிறது. பெண்கள் கொழுந்து பறிக்க மலைக்குச் சென்றபின் வீட்டிலிருக்கும் முதியோரும் இவ்வடையாளங்களை அறிந்திருந்தால், பகலிலும் குமிழைக் காலத்தோடு உயர்த்தவோ தாழ்த்தவோ இயலும்.

மின்சாரம் நின்றுவிடும் வேளையே மிகவும் ஆபத்தானது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நீடித்ததுண்டு. இத்தகைய வேளைகளில் அடைத்த காம்பிராவுக்குள் கரிச்சட்டியை வைப்பது குஞ்சுகளுக்கு மட்டுமன்றி, அதே காம்பிராவில் உறங்கும் குடும்பத்தினருக்கும் உயிராபத்தாகும். கரி எரியும்போது வெளிவரும் காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் இல்லாத நச்சுவாயு. குருதி ஒட்சிசனைச் சுமந்து செல்வதை அது தடுப்பதால், உறங்குவோர் விழிக்காமலே இறக்க நேரிடும். வெந்நீர் நிரப்பிய போத்தல்களைத் துணியாற் சுற்றி வட்டத்துக்குள் வைத்து, நீர் ஆறியதும் மாற்றுவதே பாதுகாப்பான வழி.

குளிருக்கு அஞ்சிச் சன்னல், கதவு எல்லாவற்றையும் மூடிவிடுவதும் தீங்கு பயக்கும். எச்சம் கலந்த ஈர உமியிலிருந்து எழும் அமோனியா வாயு குஞ்சுகளின் கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கிறது. வெதுவெதுப்பும் ஈரமும் கூடும் இடத்தில்தான் இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் நுண்ணுயிரிகளும் தொற்றும் நிலைக்கு முதிர்கின்றன. ஆகவே குஞ்சுகளின் மட்டத்தில் காற்று வீசாமலும், கூரையை ஒட்டிய இடைவெளியால் கெட்ட காற்று வெளியேறும்படியும் அமைத்து, இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் உலர்ந்த உமியைப் பரப்பி, நீர்ப் பாத்திரத்தைச் சுற்றி நனைந்ததை அன்றன்றே அகற்ற வேண்டும். குஞ்சுகளைத் தொட்டபின் சிறுவர்கள் சவர்க்காரத்தால் கைகழுவுவதும் இன்றியமையாதது. நலமாகத் தோன்றும் குஞ்சிலிருந்தும் சல்மொனெல்லாக் கிருமி மனிதருக்குத் தொற்றக்கூடும்.

ஐந்தாறு வாரங்களில் இறகு நிறைந்ததும், வெயிலுள்ள பகல்களில் குமிழை அணைத்துப் பழக்கிய பின்னரே இரவு வெப்பத்தை நிறுத்தலாம். மழைக்கால இரவுகளில் இதை மேலும் சில நாட்கள் தாமதிக்கலாம். குஞ்சுகளை எண்ணி வாங்குமுன், வீட்டில் எத்தனை குஞ்சுகளுக்கு வெப்பமும் உலர்ந்த தரையும் நல்ல காற்றும் ஒருசேரக் கொடுக்க முடியும் என்பதைக் கணக்கிடுவதே குடும்பத்தின் முதலீட்டையும் குஞ்சுகளின் உயிரையும் காக்கும்.