சிசுக்களின் இருதயக் குறைபாடும் காலந்தாழ்த்தாத கவனமும்

பிறக்கின்ற ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய எட்டுக் குழந்தைகள் ஏதோவொரு இருதயக் குறைபாட்டுடன் பிறக்கின்றன என்பது உலகளாவிய மருத்துவக் கணிப்பாகும். மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையாயினும் படுவான்கரையாயினும், தமிழ்க் குடும்பமாயினும் முஸ்லிம் குடும்பமாயினும் இதற்கு விதிவிலக்கில்லை. இக்குறைபாடுகளுள் பல பாரதூரமற்றவை. சில தாமாகவே சீராகிவிடுகின்றன. எனினும், முதல் வாரத்திலேயே உயிரைப் பறிக்கக்கூடியவையும் அவற்றுள் உள்ளன.

இத்தகைய குழந்தைகள் அனைவருக்கும் நெஞ்சைத் திறந்தே சிகிச்சையளிக்க வேண்டுமென்ற நிலை இன்றில்லை. தொடையிலுள்ள குருதிக்குழாய் வழியாக மெல்லிய கதீற்றர் குழாயைச் செலுத்தி, இருதயத்தினுள்ளேயே சிகிச்சை செய்யமுடிகின்றது. 1966இல் அமெரிக்க வைத்தியர் வில்லியம் ரஷ்கைண்ட் இதற்கு வழிகாட்டினார். இருதயத்தின் பெருங்குழாய்கள் இரண்டும் இடம்மாறிப் பிறந்த சிசுக்களில், மேலறைகளுக்கிடையிலான துவாரத்தைப் பலூன் மூலம் பெரிதாக்கி, ஒட்சிசன் செறிந்த குருதி உடலுக்குச் செல்ல அவர் வழிசெய்தார். சத்திரசிகிச்சை வரையில் குழந்தையின் உயிரைக் காக்கும் ஏற்பாடு இது. 1982 முதல் சுருங்கிய நுரையீரல் நாடி வால்வும் பலூனால் விரிக்கப்படுகின்றது. 700 கிராம் நிறையுள்ள சிசுவுக்கும் பொருத்தத்தக்க நாடி அடைப்பானுக்கு 2019இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எனினும், எல்லாக் குறைபாடுகளுக்கும் இச்சிகிச்சை பொருந்தாது. பலவற்றுக்குச் சத்திரசிகிச்சையே தீர்வாகும்.

நாம் இங்கு கவனிக்க வேண்டியது காலத்தையே. கருவிலுள்ள குழந்தையின் நுரையீரல் நாடியையும் பெருநாடியையும் இணைக்கும் சிறுகுழாய், பிறந்து ஓரிரு நாட்களில் மூடத்தொடங்குகின்றது. சில குறைபாடுகளில் அக்குழாயே குழந்தையின் உயிர்நாடியாகும். ஆதலால், வைத்தியசாலையில் நலமாகத் தோன்றிய சிசு வீடு சென்றபின் நீலம் பாரிக்கின்றது. புரொஸ்டகிளாண்டின் மருந்தை நாளம் வழியே செலுத்தி அக்குழாயைத் திறந்து வைத்திருக்கலாம். கொழும்பு சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு இங்கிருந்து தரைவழியே 300 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம் செல்லவேண்டியுள்ள நமக்கு, அம்மருந்து தரும் அவகாசம் விலைமதிப்பற்றது. ஆனால், நோய் இனங்காணப்பட்டாலன்றி மருந்தும் இல்லை, பயணமும் இல்லை.

அதனை இனங்காண்பதற்கு எளிய வழியுண்டு. பிறந்து 24 மணித்தியாலங்களின் பின்னர் வலது கையிலும் ஒரு காலிலும் சிறு கருவியைப் பொருத்தி ஒட்சிசன் அளவைப் பார்க்கலாம், ஊசி தேவையில்லை. அளவு 90 சதவீதத்திற்குக் குறைந்தால் உடனடிக் கவனம் அவசியம். 95 சதவீதத்தை எட்டாவிடின் மீண்டும் பரிசோதிக்க வேண்டும். வீடு திரும்புமுன் இப்பரிசோதனை நடைபெற்றதா எனப் பெற்றோர் கேட்டறிவதில் தவறேதுமில்லை.

பால் குடிக்கையில் வியர்த்தல், இடையிடையே களைத்து விடுதல், மூச்சு விரைதல், உதடும் நாக்கும் நீலமாதல் ஆகியவற்றைக் கண்ணூறு என்றெண்ணி நாட்களைக் கடத்தலாகாது. நேர்த்தியும் துஆவும் நெஞ்சுக்கு ஆறுதலே. ஆனால், அவை வைத்தியசாலைக்குச் செல்லும் வழியிலேயே நிகழட்டும். வீடு தேடிவரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் இவ்வறிகுறிகளைத் தயங்காது கூறுவது, குழந்தைக்கு நாம் செய்யும் முதற் சிகிச்சை என்பதை வலியுறுத்த விரும்புகின்றோம்.