மருந்து ஏறும்போது இசை என்ன செய்கிறது?

அமாவாசை இரவில் விழுப்புரம், திண்டிவனம் பக்கமிருந்து கூட்டம் கூட்டமாக மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போவார்கள். அங்கே பம்பைக்காரர் வர்ணிப்பை நிதானமாகத் தொடங்குவார். போகப் போகப் பம்பையும் உடுக்கையும் வேகம் பிடிக்கும். எதிரே நிற்பவருக்கு அருள் வரும். அடக்கி வைத்த அழுகையும் ஆத்திரமும் கொட்டும். பிறகு தாளம் தணியும், சாமி மலையேறும்.

சைகடெலிக் சிகிச்சையிலும் இசை இப்படித்தான் ஆளை ஏற்றி இறக்குகிறது. தீராத மனச்சோர்வுக்கு, சில காளான்களில் உள்ள சைலோசைபின் போன்ற மருந்துகளை வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களில் சோதித்து வருகிறார்கள். நோயாளி கண்ணைக் கட்டி, ஹெட்போன் மாட்டிப் படுத்திருப்பார். சிகிச்சையாளர்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். மருந்தின் வேகம் அடங்கச் சுமார் ஆறு மணி நேரமாகும். அவ்வளவு நேரமும் பேச்சு குறைவு, இசைதான் துணை.

எந்த நேரத்தில் எந்த இசை என்பதை அமெரிக்காவின் மேரிலாந்தில் எல்எஸ்டி என்ற இதே வகை மருந்துச் சிகிச்சையில் ஈடுபட்ட ஹெலன் பானியும் வால்டர் பான்கேயும் 1972இல் வெளியான கட்டுரையில் வகுத்துக் காட்டினார்கள். தொடக்கத்தில் மனத்தை அமைதியாக்கும் இசை, மருந்து ஏறும்போது விறுவிறுப்பு, உச்சத்தில் கம்பீரம், இறங்கும்போது மீண்டும் அமைதி.

இதற்குப் பலன் உண்டா? லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மெண்டல் கேலன் குழு 19 மனச்சோர்வு நோயாளிகளை ஆராய்ந்து 2018இல் முடிவை வெளியிட்டது. இசை மனத்துக்கு ஒத்துப்போனவர்களுக்கே ஒரு வாரம் கழித்துச் சோர்வு அதிகம் குறைந்திருந்தது. மருந்து எவ்வளவு கடுமையாக ஏறியது என்பதற்கும் சோர்வு குறைந்ததற்கும் அப்படித் தொடர்பு தெரியவில்லை. பிடிக்காத இசை எரிச்சலையே தந்தது. ஆய்வு சிறியது, ஆனாலும் ஒருவருக்கு எந்த இசை பொருந்தும் என்று கேட்டறிவதும் சிகிச்சைதான் என்பதை அது உணர்த்துகிறது.

எல்எஸ்டியும் சைலோசைபினும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி இந்தியாவில் தடை செய்யப்பட்டவை. கொடைக்கானல் போதைக் காளானை யாரிடமோ வாங்கித் தின்றுவிட்டு, பாட்டைப் போட்டுக்கொண்டு படுப்பது சிகிச்சை ஆகாது. குடும்பத்தில் மனச்சிதைவு நோய் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

மனம் தாங்காமல் தவிப்பவர்கள் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். மலையனூருக்குப் போகிறவர்களும் தாராளமாகப் போகட்டும். டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிட வேண்டாம்.